எலி கடிக்கவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மருந்துக்கடைக்காரரின் தங்கை இதை நேரில் கொண்டுவருவதால் இந்த முறை எல்லாவற்றையும் எழுதுகிறேன். அப்பா ஏன் இப்படிக் கல்லு மாதிரி ஆகிவிட்டார், நீ ஏதாவது செய்யக்கூடாதா என்று ஃபோனில் என்னையே குடைவாயே, உன் அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. வந்த நேரத்தைத்தான் சொல்லவேண்டும்.

நம் தெருமுனைக் கம்பத்து ஒலிபெருக்கியை நீ மறந்திருக்கமாட்டாய். விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்து ஊர் அடங்கும்வரை அரசாங்கத்தின் பெருமையைக் கத்தும், அதைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வதுதானே அப்பாவின் வேலை. எதிர்வீட்டில் செருப்புத் தைப்பவரின் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தாள், வலியோடு கொஞ்சம் கண் அசந்தால் அது கத்தி எழுப்பிவிடும். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, போர்வையை மடித்து மடித்து ஜன்னலில் அடைத்துக்கொண்டிருந்தார். அதை அப்பா ஏணி மேலிருந்து பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு இறங்கி வரவேண்டியதுதானே, வயரைக் கழற்றிவிட்டு வந்துவிட்டார்.

மேலதிகாரி விசாரிக்க வந்தார். நல்ல மனுஷன், அப்பாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். எலி கடிச்சிருக்கும்னு எழுதிக்கட்டுமா என்று அவரே எடுத்துக்கொடுக்கிறார். நான் பின்னால் நின்றுகொண்டு ஆமாம் என்று சொல்லச்சொல்லித் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறேன். இவர் நிதானமாக, எலி ஒண்ணும் கடிக்கல, நான்தான் கழட்டினேன் என்கிறார். அந்த மனுஷன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்கு வரச்சொல்லி உத்தரவு. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததும் உண்டு, வராததும் உண்டு. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், அங்கே போயாவது எலி என்று சொல்லுங்கள் என்றால் பிடிகொடுப்பதில்லை. கோபத்தில் நேற்று தட்டை டொக்கென்று வைத்தேன், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உப்பு இல்லையே என்கிறார். உன் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டுபோன நாளிலிருந்து வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்துபோன மனுஷன். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. சித்தப்பாவைப் பிடித்த அன்று, கூச்சல் தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். யாரைப் பிடிக்கப்போகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை, கூட்டிவிட்டார். தம்பி வாயைத் திறந்து கத்தினது தெரிஞ்சுது, குரல் கேக்கல என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

இந்த வியாழக்கிழமை, வேறு ஆள் வந்து வயரை மாட்டுவதற்குள், எதிர்வீட்டு அம்மாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். அவள் புருஷன் அழுத அழுகை தெரு முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பக்கத்து வீட்டாரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடமாடிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் அங்கே போய் நின்றோம். அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் தம்பிக்கும் சேர்த்து அழுதார். அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவர் எலி என்று சொல்லப்போவதில்லை.

என் கோபம் தீரவில்லை, அதை மறைக்கமாட்டேன். இத்தனை வருஷம் பொறுத்தவருக்கு ஓய்வு பெறும்வரை பொறுக்க முடியவில்லையா. இருந்தாலும் இனி அவரை நச்சரிக்கமாட்டேன். திங்கட்கிழமை நானும் கூடப் போய் வாசலில் உட்காரப்போகிறேன், எழுந்து போ என்றால் போகமாட்டேன்.

நீ கிளம்பி வருகிறேன் என்று நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு, மனசு தளராமல் நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. செவ்வாய்க்கிழமை ஃபோன் செய், மற்றது எதையும் கேட்காதே, சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்ததா என்று மட்டும் கேள். அப்பாவே எடுத்து என் சமையலைக் குறை சொன்னால், நாங்கள் நலம்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா