மாசிக் கடலை நம்பிப் போன தம்பிக்கு

என் குஞ்சுத் தம்பி,

உன் ஆண்டுத் திவசம் நேற்று முடிந்தது. உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் வைத்துப் படைத்தேன். நான் அழவில்லை. அழ முன்னரே கோபம் வந்துவிட்டது.

கனடாவிலிருந்து பெரியப்பாவின் மூத்த மகன், எங்கள் பெரியண்ணை, வந்து நிற்கிறார். குறிகட்டுவான் இறங்குதுறை வரை குளிரூட்டிய வான் வண்டியில் வந்து, ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தலோடு நெடுந்தீவுக்குப் படகேறியவர். பாயாசத்தைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"மாசியிலை புயல் அடிக்கிறது, உதெல்லாம் இயற்கையின்ரை சுழற்சி, தங்கச்சி. மனுசர் பிறக்க முந்தியே பூமி சூடானது, குளிர்ந்தது. புகையாலை எண்டு சும்மா வெருட்டுறாங்கள்."

இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் அகப்பையோடு நின்றேன்.

"அண்ணை, மனுசர் முந்தியும் தானாச் செத்தவைதானே. அதுக்காக, கழுத்தை நெரிச்சவனை விடுறதோ?"

உன் மகளைக் கட்டிய மருமகன் சிரித்தான். "மாமி, பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் விடுங்கோ. சண்டை பிறகு."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் சுழற்சி எனக்குத் தெரியாததா? வாடை வரும், போகும். சோளகக் காற்று வரும், போகும். மழை பொய்த்த வருடமும் கண்டோம், வெள்ளம் நின்ற வருடமும் கண்டோம். அதைப் பார்த்துத்தானே வலை போட்டோம், கலியாணம் வைத்தோம்? கடல் சூடேறினால் காற்று மாதம் பார்க்காது என்று இப்போது ரேடியோவில் சொல்கிறார்கள். சூடேற்றியது யார்? இந்தத் தீவில் எத்தனை கார் ஓடுகிறது? எவரோ விட்ட புகைக்கு நீ ஏனடா போனாய்?

உன்னோடும் எனக்குக் கோபம்தான். அன்றைக்குக் காற்று எழும்பும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. நீ அதை நிறுத்தினாய்.

"மாசியிலை புயலோ? ரேடியோக்காரன் கலண்டர் பார்க்கேல்லைப் போலை, அக்கா."

தைப்பூசம் கழிந்தால் கடலுக்குப் பயமில்லை என்பதுதான் எங்கள் ஆட்களின் கணக்கு. அப்பா அதை நம்பிப் போய் வந்தவர். நீயும் நம்பிப் போனாய். வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது.

இன்று விடிய, அதே வள்ளத்தில் போக உன் மருமகன் வெளிக்கிட்டான். ரேடியோ திரும்பவும் காற்று என்கிறது.

"ஒவ்வொரு மாசியும் அப்பிடி வருமோ, மாமி? மாமாவுக்கு விதி. பெரியவரும் அதைத்தானே சொன்னவர்?"

உன் மகள் வயிற்றில் பிள்ளையோடு வாசலில் நிற்கிறாள். வள்ளத்தின் எஞ்சின் அடுப்படிக் குசினிக்குள் கிடந்தது. நான் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிவிட்டேன். "மனுசிக்கு விசர்" என்று முற்றத்தில் நின்று கத்துகிறான். ஓம், விசர்தான், பைத்தியம்தான். கத்தட்டும். உயிரோடு இருக்கிறவன்தானே கத்துகிறான்.

காற்று அடங்கிவிட்டது என்று ரேடியோ சொல்லும்வரை இந்தத் திறப்பைக் கொடுக்கமாட்டேன். பெரியண்ணை வந்து கேட்டாலும், ஊரே வந்து நின்றாலும் கொடுக்கமாட்டேன். இது உன் தலையில் அடித்துச் சொல்கிற சத்தியம்.

ஒன்றை மட்டும் சொல்லு, குஞ்சு. முதல் அலை வள்ளத்துக்குள் விழுந்தபோதும், இது மாசிதானே, இப்போது அடங்கிவிடும் என்றுதான் இருந்தாயோ?

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த
அக்கா