பனி விலகாத வருஷம்

குந்தா மேல் லைன்
தை மாதம்

என் தங்கச்சி பெற்ற தங்கம், மாப்பிள்ளை வினோத்துக்கு,

குந்தா மலையிலிருந்து உன் தாய்மாமன் நல்லசாமி எழுதுவது. இங்கே நான் ராஜா மாதிரி இருக்கிறேன். திருப்பூரில் நீயும் உன் அம்மாவும் உன் பனியன் கம்பெனியும் சுகம்தானே? போன் இருக்கும்போது மாமன் எதற்கு லெட்டர் போடுகிறார் என்று யோசிப்பாய். எங்கள் ஊடு ஒரே ரூம். நான் இருமினால்கூட உன் அத்தைக்குக் கேட்கும். இது அவள் காதுக்குப் போகக்கூடாத சங்கதி. வரி மேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். எல்லாம் பனி.

உன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, தங்க ரூமும் உண்டு என்று தீபாவளிக்குச் சொன்னாயே, அதை உடனே எனக்கு முடித்துக் கொடு. பங்குனிக்குள் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து சேருகிறேன். குந்தாவில் கரண்டு இன்ஜினியர்களுக்கெல்லாம் ஜீப் ஓட்டியவன் நான். அவர்களை நான் பவர் ஹவுஸில் கொண்டுபோய் விடாமல் இருந்திருந்தால் உங்கள் ஊரில் ஒரு தையல் மிஷினாவது ஓடியிருக்குமா? என் கண்ணைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் நம்பாதே. கழுகுக் கண். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன அன்றைக்கு டாக்டர் ரூமுக்குள்ளேயே பனி புகுந்துவிட்டது. அதில் போர்டு எழுத்து யாருக்குத் தெரியும்? அதனால்தான் வீட்டோடு இருக்கிறேன். இந்த வருஷம் பனி அப்படி, மாப்பிள்ளை. உச்சிப் பொழுதிலும் விலகுவதில்லை. உன் அத்தை மட்டும் நல்ல வெயில் அடிக்குது என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை ஆயம்மாவின் போக்கு சரியில்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.

கல்யாணம் ஆன நாள் முதலாக அதே எஸ்டேட், அதே சரிவு, அதே தேயிலைச் செடி. காலையில் போனால் பொழுது சாயும்வரை கொழுந்து பறிப்பு. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும்போது தனக்குத்தானே சிரிக்கிறாள். என்ன ஆயம்மா என்று கேட்டால், ஒண்ணுமில்லீங்க, எல்லாம் அங்கயே பேசித் தீர்த்தாச்சுங்க என்கிறாள். முன்பெல்லாம் நான் ஜீப்பை விட்டு இறங்கினால் போதும், சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அப்பர் பவானி ரோட்டில் புலி ஒதுங்கி நின்று என் ஜீப்புக்கு வழிவிட்ட கதையை எத்தனை தடவை சொன்னாலும் அப்புறம்ங்க, அப்புறம்ங்க என்பாள். இப்போது என்னிடம் கதை இல்லை. அவளிடம் இருக்கிற கதை எனக்கு வருவதும் இல்லை. எல்லாம் அந்தத் தபித்தாளுக்குப் போகிறது. பக்கத்து லைன் வீட்டுக்காரி, அத்தையோடு ஒரே வரிசையில் பறிக்கிறவள். அவள் சிரித்தால் டீ கொதிக்கிற கேத்தல் மூடி ஆடுகிற மாதிரி இருக்கும்.

விசாரித்துவிட்டேன். டீ நேரத்தில் இவர்களுக்குள் ஒரு விளையாட்டு. பேர் ‘புதுசு’. தினமும் நிற்கிற அதே மலையில், நேற்றுவரை யார் கண்ணிலும் படாத ஒன்றை ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். நல்ல புதுசு சொன்னவளுடைய கொழுந்து மூட்டையை, ஒன்றும் சொல்லாதவளோ பொய் சொன்னவளோ எடை போடுகிற இடத்துக்குச் சுமக்க வேண்டும். போன வாரம் உன் அத்தைக்கு ஜெயம். கீரிப்பிள்ளை ஒன்று ரோட்டோரம் நின்று, பஸ் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்ததாம். இதை எனக்குச் சொன்னது யார்? மளிகைக் கடை ராஜசேகர்! ஊரே கேட்டுச் சிரித்த பிறகு கடைசியாக எனக்கு. என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு மேலே ஒரு குண்டா வைத்திருந்தால் சோறே பொங்கியிருக்கும்.

அதனால் வேலையை முடி. திருப்பூரில் தேயிலை கிடையாது. தபித்தாளும் கிடையாது. பேச நான் மட்டும்தான் இருப்பேன்.

உன் வாக்குக்குக் காத்திருக்கும்
மாமன் நல்லசாமி


மாசி மாதம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

வேலை கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அத்தை பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் சேருவதாகவே முதலாளியிடம் சொல். அத்தையிடம் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் மலைக்கு நானே போய்விட்டேன். அவள் மறந்துவிட்டுப் போன சோற்றுப் போசியைக் கொடுக்கிற சாக்கு. (மறக்கவில்லை, நான்தான் எடுத்து ஒளித்தேன்.) கையில் தடி, ஒரு எடுப்புக்காக. சிலோனிலிருந்து வந்த சின்னம்மை அக்கா, வாங்க தம்பி, தேத்தண்ணி குடிங்க என்று உட்காரவைத்தது. நானும் ஒரு புதுசு சொல்கிறேன் என்றேன். வருகிற வழியில் காட்டெருமை ஒன்று நின்றது, அதன் கொம்பில் மயில் உட்கார்ந்து தோகையை விரித்தது, எருமைக்குக் குடை பிடித்த மாதிரி இருந்தது என்று போட்டேன் ஒரு போடு. ஏனுங்கண்ணா, பார்த்ததைச் சொல்லச் சொன்னா படமே ஓட்டுறீங்களே என்று தபித்தாள் கேத்தல் மூடியை ஆட்ட ஆரம்பித்தாள். எந்த இடத்துலீங்க என்றும் கேட்டாள். நான் விடுவேனா? அந்தா, அந்தப் பாறைக்குப் பக்கத்தில் என்று தடியை நீட்டினேன்.

பாறை எழுந்து, என்ன நல்லசாமி, என்னைக் கூப்பிட்டியா என்றது. சூப்பர்வைசராம். கறுப்புக் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பனியில் யாருக்குத்தான் தெரியும், நீயே சொல்.

ஆனால் ஒருத்தியும் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை. தபித்தாள்கூட. அவள் சிரித்தபோது வந்ததைவிட அவள் சிரிக்காதபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

அப்போது உன் அத்தை எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்துச் செடி வரிசைக்குள் கூட்டிப்போய், ஒரு கிளையில் என் விரலை வைத்தாள். கிளைக்குள் நரம்பு மாதிரி ஏதோ ஓடியது. எந்தக் காலத்திலோ அவள் மூட்டைக் கயிற்றைக் கட்டி மறந்த கிளையாம். கிளை அந்தக் கயிற்றை வெட்டவும் இல்லை, விடவும் இல்லை. உள்ளே வாங்கிக்கொண்டு தடித்துவிட்டது. நேத்துத்தான் பார்த்தேனுங்க, இன்னும் யார்கிட்டயும் சொல்லலை, உங்களுக்குத்தான் மொதல்ல என்றாள்.

கேட்டாயா? எனக்குத்தான் முதலில்! தபித்தாள் முகம் சுண்டைக்காயாகிவிட்டது. அதாவது ஆகியிருக்கும்.

பொய்க்குத் தண்டனையாக அத்தையின் மூட்டையைச் சுமந்தேன். மூன்று ஆள் சுமை, ஒற்றைக் கையில். தபித்தாள் முன்னால் நடந்தபடி, இங்க பள்ளம், இங்க கல்லு என்று சும்மா தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள்.

உன் மாமன்
நல்லசாமி


பங்குனி மாதம்

மாப்பிள்ளை வினோத்துக்கு,

முதலில் சேதியைக் கேள். புதுசில் நான் ஜெயித்துவிட்டேன்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் என்ன செய்வான்? காதைத் தீட்டினேன். நம் ஊட்டுக்குக் கீழே பஸ் ஏறுகிற கொண்டை ஊசி வளைவுகள் உனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தே ஆக வேண்டும். தனசிங் ஓட்டுகிற மத்தியானப் பஸ் எல்லா வளைவிலும் அலறிக்கொண்டு வரும். பிள்ளைக் காப்பகத்துக்குப் பக்கத்து வளைவில் மட்டும் சத்தமே இல்லை. முன்கூட்டியே கியரைக் குறைத்து, பூனை மாதிரி ஊர்ந்து, அடுத்த வளைவு வந்த பிறகுதான் அலறல். இரண்டு வாரமாகக் கேட்டேன். ஒரு நாள் தவறவில்லை. அது பிள்ளைகள் தூங்குகிற நேரம்.

ராத்திரிச் சோற்று நேரத்தில் அத்தையிடம் சொன்னேன். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, உன்மேல் சத்தியம். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அப்புறம்ங்க என்றாள்.

மறுநாள் மலையில் இதை எங்க ஊட்டுக்காரர் புதுசு என்று சொல்லியிருக்கிறாள். சின்னம்மை அக்கா, நம்ம பிள்ளைக்காம்பராவுக்காகவா (காப்பகத்தை அது அப்படித்தான் சொல்லும்) என்று வாயைப் பிளந்ததாம். பெற்றதையெல்லாம் அங்கே விட்டுவிட்டு மேலே பறித்தவர்கள், ஒருத்திக்கும் தெரியவில்லை. தபித்தாள், எருமைக்குக் குடை பிடிச்ச மயிலாட்டம்தானே என்று நம்பவில்லை. பஸ் வருகிற நேரத்துக்கு எல்லோரும் கொழுந்தைக் கிள்ளாமல் நின்று கேட்டார்கள். உண்மை. நம்பாததற்குத் தண்டனையாக, என் சார்பில் உன் அத்தையின் மூட்டையைத் தபித்தாள் சுமந்தாள். இப்போது தினமும், அண்ணன் இன்னிக்கு என்ன சொன்னாருங்க என்று அவளே கேட்கிறாளாம். கேட்கட்டும். முதலில் அத்தை, மிச்சம் இருந்தால் அவள்.

அதனால் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. முதலாளி கோபித்தால் என்மேல் பழியைப் போடு. கம்பெனி கேட்டில் நிற்கிறவனுக்கு வருகிறவன் முகம் தெரிய வேண்டும்.

இன்னொன்று. கோயமுத்தூரில் இந்தப் பனிக்குப் பார்க்கிற நல்ல டாக்டர் யாராவது உண்டா என்று மெதுவாக விசாரி. அவசரம் ஒன்றும் இல்லை. ஆயம்மா சிரிக்கிறது இப்போது தினமும் கேட்கிறது. சிரிக்கிற முகத்தைப் பார்த்துத்தான் நாளாகிவிட்டது.

நீ நன்றாக இருப்பாய், மாப்பிள்ளை. அத்தையிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே. அவளுக்கு இதை நானே புதுசாகச் சொல்ல வேண்டும்.

மாமன்
நல்லசாமி