கண் வைக்காத பொம்மைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், என் வலது கண்ணில் புரை விழுந்ததைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை, அதையும் அடுத்த மாதம் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ அதற்காக அங்கிருந்து கிளம்பி வர வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அலமாரியில் முகமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களே இருபத்து மூன்று பேர், அவர்களுடைய நலத்தைத்தான் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல வேண்டியதுதானே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் போதும், உனக்கு அடுப்பில் பால் பொங்கும், வாசலில் மணி அடிக்கும், இரண்டும் இல்லையென்றால் சிக்னல் போய்விடும். கடிதத்துக்குச் சிக்னல் போகாது. உட்கார்ந்து படி.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியை அப்பா எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். உற்சாகமே வர மாட்டேங்குதும்மா, பழைய ஆபீஸ்ல ஒண்ணாம் தேதிக்குள்ள திரும்பி வந்துடச் சொல்றாங்க, பேசாம போயிடலாம்னு இருக்கேன் என்று எழுதியிருந்தாய். உற்சாகம் என்ன காலைப் பேப்பரா, தினமும் விடிந்ததும் தானாக வந்து வாசலில் விழ? இருபத்திரண்டு வருடம் இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து டெய்லர் கடைக்குக் காஜா எடுத்தவள் நான், சட்டைக்கும் கோட்டுக்கும் பட்டன் ஓட்டையைக் கையால் தைத்துக் கொடுத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன், ஒரு நாளாவது உற்சாகம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. துணி மூட்டைதான் வந்தது. மூட்டையைப் பிரித்து நாலு ஓட்டை தைத்து முடித்த பிறகு வேண்டுமானால் உற்சாகம் மெதுவாக எட்டிப் பார்க்கும், இந்த வீட்டில் வேலை நடக்கிறது போலிருக்கிறதே என்று. சும்மா உட்கார்ந்திருப்பவள் வீட்டுக்கு அது எதற்கு வரும், அதற்கு வேறு வேலை இல்லையா.

ஆறு மாதத்துக்கு முன்னால் நீ ஆபீஸை விட்டபோது நான் ஒரு வார்த்தை சொன்னேனா? என் கையால ஏதாவது செய்யணும்மா என்று சொன்னாய், செய் என்றேன். முதலில் கடைக்குப் பெயர் தேடினாய், அதற்கு மூன்று வாரம். பிறகு பெட்டி வாங்கினாய், பெட்டிக்கு ரிப்பன், ரிப்பனுக்கு ஏற்ற நிறத்தில் நன்றி சொல்கிற அட்டை, அட்டையில் ஒட்ட ஒரு சின்னப் பூ. நடுவில் யாரோ ஒருவன், ஊசியில் நூல் கோத்தே அறியாதவன், வீட்டிலிருந்தே தொழில் செய்து ஜெயிப்பது எப்படி என்று மூன்று மணி நேரம் பேசினானாம், நீ அதை நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டாயாம். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நீ பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட்டு வந்து பிறகு பெற்றுக்கொள்ள உட்கார்ந்தாய். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும், நீ தைத்த பொம்மைகள் நன்றாக இருந்தன. பதினேழு பொம்மை தைத்தாய், பதினேழும் விற்றுப் போயின. நீ அனுப்பிய படங்களை அப்பா தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஒருத்தி எழுதினாள், பொம்மையோட கண்ணு நல்லால்ல, என் குழந்தை பயப்படுது, திருப்பி எடுத்துக்கோங்க என்று. ஒருத்திதான். மீதிப் பதினாறு வீட்டில் பதினாறு குழந்தைகள் அதைக் கட்டிக்கொண்டு தூங்குகின்றன, அது உன் காதில் விழவில்லை. அன்றையிலிருந்து நீ உடம்பைத் தைக்கிறாய், கை கால் தைக்கிறாய், முடி வைக்கிறாய், கண் என்று வந்ததும் நாளைக்குப் பார்க்கலாம் என்று அலமாரியில் ஏற்றிவிடுகிறாய். குளிச்சிட்டு வந்து சட்டை எடுக்கலாம்னு அலமாரியத் திறந்தா வரிசையா உக்காந்திருக்குதுங்க மாமா, எது முன்பக்கம் எது பின்பக்கம்னே தெரியல என்று மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னாராம். பேசாம எல்லாத்துக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டி வித்துடுங்க மாப்பிள்ள என்று இவர் சொல்ல, இரண்டு பேருமாகச் சிரித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இதோ பார், நீ ஆபீஸுக்குத் திரும்பப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த வேலை பிடித்திருந்தால் சந்தோஷமாகப் போ. ஆனால் இரண்டு கறுப்புப் புள்ளிக்குப் பயந்துகொண்டு போகாதே. அப்படிப் போனால் அந்தப் பயம் உனக்கு முன்னாலேயே ஆபீஸுக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும். எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் ஒரு கல்யாணக் கோட்டில் நெஞ்சுக்கு நேரே இருக்கிற ஓட்டையை ஒரு விரல் அகலம் அதிகமாக வெட்டிவிட்டேன். தையல் என்றால் பிரித்துத் தைக்கலாம், வெட்டிய துணியை என்ன செய்வது? நாலு நாள் கடைப் பக்கமே போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன், உனக்கு உற்சாகம் வராததும் எனக்குத் தலை வலித்ததும் ஒரே வியாதிதான். ஐந்தாம் நாள் டெய்லரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார். என் மேல் இரக்கப்பட்டு ஒன்றும் இல்லை, இன்னும் பதினொரு கோட்டு பாக்கி, வேறு ஆள் கிடைக்கவில்லை. யாராவது நெஞ்சு ஓட்டையில ஆரம்பிப்பாங்களாம்மா, அடி ஓட்டையில ஆரம்பி, அத எவன் குனிஞ்சு பாக்கப் போறான், நெஞ்சுகிட்ட வர்றதுக்குள்ள கை படிஞ்சிரும் என்று திட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அடியிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

உன் தப்பும் அதே தப்புதான், தலைகீழாகச் செய்கிறாய். இரண்டு நாள் பாடுபட்டு உடம்பைத் தைத்து, பஞ்சு அடைத்து, முடி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு கண்ணுக்கு வந்தால் ஊசி எப்படி இறங்கும்? ஒரு தையல் பிசகிப் பிரித்தால் முகத்தில் ஊசி ஓட்டை தெரியும், இரண்டு நாள் உழைப்பு போச்சு. இனிமேல் முகத்தை முதலில் தை. வெறும் துணியை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கிப் பிடித்து, தட்டையாக இருக்கும்போதே கண்ணை வை, சரியாக வரவில்லை என்றால் உள்ளங்கை அளவு துணிதான் நஷ்டம். காலையில் உட்கார்ந்ததும் முதல் இரண்டு கண்ணை மிச்சத் துணியில் தைத்துத் தூக்கிப் போடு, அதுதான் உனக்கு அடி ஓட்டை. ஏற்கெனவே பஞ்சு அடைத்து வைத்திருக்கிற இருபத்து மூன்றுக்கும் முகத்தைத் தனித் துணியில் தைத்து, நன்றாக வந்ததை மட்டும் தலையில் வைத்து விளிம்பை மடித்துத் தைத்துவிடு, ஓரத்தை முடி மறைத்துக்கொள்ளும். கட்டிலில் உட்கார்ந்து தைக்காதே, கட்டில் படுக்கத்தான் சொல்லும். போனை அடுத்த அறையில் வை. வீட்டில்தானே இருக்கிறாய் என்று பேச வருகிற பக்கத்து வீட்டு அக்காவிடம் பதினொரு மணிக்கு மேல் வரச் சொல், கோபித்துக்கொண்டால் நல்லதாகப் போயிற்று. உன்னிடம் மொத்தமாக வாங்குகிறேன் என்று வந்த பொம்மைக் கடைக்காரம்மா ஒண்ணாம் தேதிக்கு இருபது கேட்கிறாள் என்றால் பத்துதான் முடியும் என்று வாயைத் திறந்து சொல், மீதி பத்தைப் பதினைந்தாம் தேதி தருகிறேன் என்று சொல். கேட்கிறவள் கேட்கத்தான் செய்வாள், உரலில் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா.

இப்போது இந்தக் கடிதத்தோடு வருகிற பார்சல் விஷயத்துக்கு வருகிறேன். மாடிவீட்டு நர்ஸ் தன் மகளுக்காக உன்னிடம் ஒரு பொம்மை கேட்டிருந்தாள், நீ என்ன செய்தாய்? ரிப்பன் கட்டி, நன்றி அட்டை வைத்து, பூ ஒட்டி, முகம் மட்டும் இல்லாமல் என் முகவரிக்கு அனுப்பினாய், கூடவே ஒரு சீட்டு, அம்மா, கண்ண மட்டும் நீ வெச்சுக் குடுத்துடு என்று. வெட்கமாக இல்லையா உனக்கு? எனக்கே ஒரு கண்தான் ஒழுங்காகத் தெரிகிறது. அப்பா நாக்கைத் துருத்திக்கொண்டு இருபது நிமிடம் போராடி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார், நான் ஒரு கண்ணை வைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. முட்டை மாதிரி நீண்டு, மூக்கு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு, உன் பெரியப்பா கோபத்தில் இருக்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிரித்துவிடலாம் என்று கத்திரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு வாண்டு வந்துவிட்டது, அதுதான் நர்ஸின் மகள், ஐந்து வயது, அவள் டியூட்டி முடிந்து வரும் வரைக்கும் எங்களோடுதான் இருக்கும். மேஜை மேல் பார்த்ததும் ஐ, என்னையே பாக்குது என்று கத்திக்கொண்டு தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

அன்றிலிருந்து நாலு நாள், சாப்பிடும்போது மடியில், பள்ளிக்கூடம் போகும்போது பையில். குடு, இன்னொரு கண்ணையும் வெச்சுத் தர்றேன் என்று நான் கேட்டேன். முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, நீங்க வேணாம், உங்க கண்ணு சரியில்ல, பொம்மை அக்காதான் வெக்கணும் என்கிறது. இருபத்திரண்டு வருடம் டெய்லர் ஒருவர் தவிர யாரும் குறை சொல்லாத கையை ஐந்து வயது வாண்டு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது, நான் என்ன தலைவலி என்று படுத்துக்கொண்டேனா? பொம்மை அக்கா தூரத்தில் இருக்கிறாள், பார்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று சொன்னதும் ஒரு மணி நேரம் யோசித்தது. பிறகு பத்து நாள்தான் தருவேன் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டியது. மூஞ்சியில் பேப்பர் சுற்றக் கூடாது, அதுக்கு வழி தெரியாது என்று அழுததால் முகத்தைத் திறந்தே வைத்துக் கட்டியிருக்கிறேன், பெட்டியைத் திறந்ததும் ஒற்றைக் கண்ணால் அது உன்னைப் பார்க்கும், பயந்து மூடிவிடாதே. என் கண்ணைவிட மோசமாக உன்னால் வைக்க முடியாது, முடிந்தால் வைத்துக் காட்டு. உன்னை நினைத்தால் எனக்குக் கோபமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். நீ எந்த வேலை பார்த்தாலும் என் மகள்தான், பாதியில் விட்டால் மட்டும் எனக்குத் தாங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள், ஜன்னல் வெளிச்சத்தில் தை, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் கை நோகாமல், ஊசி முறியாமல், நினைத்தது நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். பொம்மையை மட்டும் மறந்துவிடாதே, வாண்டு இன்று காலையில் மாடிப்படியில் நின்றுகொண்டு விரித்த பத்து விரலில் ஒன்றை மடக்கிக் காட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனது.

இப்படிக்கு,
கண் சரியில்லாத
உன் அம்மா