ஒப்பாரிக்குக் கை தட்டினார்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கோவளம் முனையில் வேகத்தடை கேட்டு இன்று மறியல் செய்தோம். என் வீட்டுக்காரரை லாரி அடித்த இடத்திலேயே உட்கார்ந்தோம். அந்த இடத்தைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டேன். ஆதரவுக்கு வந்த சென்னைக் காலேஜ் பெண்கள் அதைப் போராட்டப் பாட்டு என்று நினைத்துத் தாளம் தட்டினார்கள்.

"கையத் தட்டாதீங்கடி! அவ புருசன் செத்துப் போய்க்கீறான். இங்க இன்னா கச்சேரியா நடக்குது?" என்று பக்கத்து வீட்டு மேரி கத்தினாள்.

ஒரு பெண் என்னிடம் வந்து, "மன்னிச்சிருங்கக்கா. எங்க வீட்டுல யாரும் இப்படிப் பாடி அழமாட்டாங்க" என்றாள்.

"அப்ப சாவு வுயுந்தா இன்னாதான் செய்வீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா பக்கத்துல உக்காந்திருப்போம்."

போலீஸ் வந்து எழுப்பும்வரை என் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேகத்தடை போடுவதாக எந்த அதிகாரியும் வந்து உறுதி தரவில்லை. நாளைக்கும் மறியல். தொண்டை கட்டிவிட்டது. நானும் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன்.