மவுஸ் இல்லாத மேசை

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை பகல்.

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? நான் நல்ல சுகம்.

நான் வேலை செய்யும் டைப்பிங் கடை மஷூர் சேர் என் மவுஸைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "மவுஸத் தேடியே நேரம் போகுது மகள். எல்லாத்தையும் கீபோட்லயே செய்யப் பழகுங்க" என்றார். இந்த மாதத்துக்குள் பழகாவிட்டால் வேறு பிள்ளையைப் பார்ப்பாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், பயப்படாதீர்கள்.

நேற்று ஓர் அம்மாவின் வாடகை ஒப்பந்தத்தை அடித்து முடித்து, ஏதோ இரண்டு கீயைச் சேர்த்து அழுத்திவிட்டேன். தமிழ் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகிவிட்டது. அந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, நான் தமிழிலதானே கேட்டனான்?" என்றார். சேர் வந்து ஃபொன்டை, அதுதான் எழுத்துருவை, மாற்றியதும் தமிழ் திரும்பி வந்தது. எப்படி என்றும் காட்டினார். அவர் விரல் போன வேகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

யாராவது கொழும்புக்கு வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்துவிடுங்கள். இங்கே குளிர் இல்லை. இருந்தாலும் கொடுத்துவிடுங்கள்.

பழகுவதற்காக உங்களுக்கும் முதலில் கம்ப்யூட்டரில்தான் எழுதினேன். உங்கள் கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கப் போய், அதுவும் ஆங்கிலமாகிவிட்டது. சேர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கிறார். வந்ததும் கேட்கலாம்தான், ஆனால் தமிழாக்கித் தந்தால் அவர் வாசித்துவிடுவார். அதனால் நல்லதை மட்டும் இதில் கையால் எழுதினேன்.

கம்ப்யூட்டரில் எழுதியதையும் அப்படியே அச்செடுத்து இதோடு மடித்து வைக்கிறேன். ஒரு வரியும் உங்களுக்கு விளங்காது. எறிந்துவிடாதீர்கள் அப்பா.

சேர் படியேறும் சத்தம் கேட்கிறது.

உங்கள் மகள்
யோகராணி