புள்ளிக்கு ஓர் இடம்

5 ஜூலை 2025, சனி

பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்தப் பக்கமாக யாரும் திறக்க மாட்டார்கள். எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

இன்று ஸ்ரீரங்கத்தில் கணக்கு டியூஷன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பாலக்கரையில் ஒருவர் ஏணியில் நின்று யாழினி டெக்ஸ்டைல்ஸ் என்று சுவரில் எழுதிக்கொண்டிருந்தார். அளவுகோல் இல்லை, பென்சில் கோடு இல்லை. பஸ் நின்ற நேரத்துக்குள் ‘ழி’யின் வால் ஒரே இழுப்பில் கீழே சுழன்று மேலே வந்துவிட்டது. நான் வாயைப் பிளந்திருக்கிறேன் போல. “ஈ போயிரப் போவுது பாப்பா” என்றார் பக்கத்து சீட் அக்கா.

இதற்கெல்லாம்தான் நான் யாருக்கும் தெரியாமல் செய்துவரும் வலைப்பக்கம். திரையை விரலால் தள்ளத் தள்ள பஸ் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு படம், ஒரு சத்தம், ஒரே சொல்லில் தலைப்பு. பாலக்கரைக்கு ‘நிறம்’. ரெஜிஸ் அண்ணன் துவாக்குடி ஹாஸ்டலிலிருந்து சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்தால் லேப்டாப் எனக்கு. அவன் தூங்குவான், நான் பஸ் ஓட்டுவேன்.

அப்பாவுக்குத் தெரிந்தால்? எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதையும் பதிவு செய்யக் கூடாது. மூன்று வருஷமாக அதுதான் சட்டம்.

9 ஜூலை, புதன்

மெயின் கார்டு கேட்டில் கண்டக்டர் விசில் பதிவு செய்தேன். அண்ணனின் பழைய போன் யூனிஃபார்ம் பையில் உரசுகிற சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. என் பயத்துக்கு அதுதான் சத்தம்.

12 ஜூலை, சனி

டியூஷன் முடிந்ததும் யமுனா என்னைக் கோயில் குதிரை மண்டபத்துக்கு இழுத்துப் போனாள். அவள் வீடு சித்திரை வீதியில். அவளுக்கு இதெல்லாம் கொல்லைப்புறம் மாதிரி.

என்னவென்று எழுத? கல் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சண்டை நடக்கிறது. நான் அதைவிட ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே விட்டிருக்கும் வெற்றிடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தை விடாமல் இருந்திருந்தால் குதிரை எங்கே பாயும்? நான் என் பக்கத்தில் படத்தையும் எழுத்தையும் அடைத்து அடைத்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“நீ சர்ச்சுல கூட இப்படி நின்னுருக்க மாட்டேடி” என்றாள் யமுனா.

20 ஜூலை, ஞாயிறு

செய்துவிட்டேன். அய்யோ, செஞ்சிட்டேன்.

அம்மா குக்கர் வைத்தால் மட்டும் பாடுவாள். அந்தச் சத்தத்துக்குள் தன் குரல் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. இன்று சமையலறை ஜன்னல் விளிம்பில் போனை வைத்துவிட்டு வந்தேன். நான்கு நிமிடம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் இரவுப் பூசையில் அம்மாதான் தனியாகப் பாடினாள். உச்சியில் குரல் உடைந்து இருமல் வந்துவிட்டது. யாரோ அதைப் படம் பிடித்து எங்கள் தெருப் பங்குக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனை அரிசி டிரம் மேல் வைத்தாள். அதோடு பாடகர் குழுவுக்குப் போகவில்லை. வேலை பார்க்கும் புத்தூர் ஆஸ்பத்திரியில் “டோக்கன் நாப்பத்தி ரெண்டு, உள்ள வாங்க” என்று கூப்பிடுவதற்கு மட்டும் அந்தக் குரல். அப்பா அன்றைக்குப் போட்டதுதான் சட்டம்.

அவங்க செஞ்சதையே நானும் செய்றேனா? இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இரவு

அண்ணன் இந்த வாரம் நாளைக் காலையில்தான் கிளம்புகிறான், லேப்டாப் இன்னும் என்னிடம். காவிரிப் பாலத்துக்கு என்னிடம் காற்றிரைச்சல் மட்டும்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு அம்மாவின் குரலை வைத்தேன். படத்தில் கரைக்குக் கரை தண்ணீர், மேகம், தூரத்தில் கோபுரம். அம்மா இரண்டாவது வரிக்குப் போகும் இடத்தில் தண்ணீர் அகலமாகிறது. நான் எதையும் அளந்து வைக்கவில்லை. அதுவாகப் பொருந்தியது.

தலைப்பு: பாடல்.

27 ஜூலை, ஞாயிறு

யமுனாவுக்கு மட்டும் என்று லிங்க் அனுப்பினேன். அவள் வகுப்புக் குழுவில் போட்டுவிட்டாள். “நன்னாருக்குடி, அதான் போட்டேன்” என்கிறாள். போட்டது காலையில். எனக்குத் தெரிந்தது சாயங்காலம், அண்ணன் லேப்டாப்போடு துவாக்குடி பஸ் ஏறிய பிறகு.

இன்னொன்றும் சொன்னாள். “ஏண்டி, பஸ் போற வேகத்துல புள்ளியெல்லாம் பறந்துடுத்தா?” அண்ணனின் பழைய போனில் பார்த்தேன். உண்மைதான். வரிக்கு மேலே நான் இடம் குறைத்துவிட்டதால் எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிகள் வெட்டுப்பட்டிருக்கின்றன. லேப்டாப்பில் சரியாகத் தெரிந்தது, போனில் போய்விட்டது. நிறம, விசில, நிழல. இவையெல்லாம் பிழை என்று பார்த்தாலே தெரியும். காவிரி மேல் இருப்பது மட்டும் பிழை மாதிரியே இல்லை.

பாடல.

“யாருடி பாடல?” என்று கேட்டுச் சிரித்தாள் யமுனா.

அடுத்த சனி வரை எதையும் திருத்த முடியாது, எடுக்கவும் முடியாது.

30 ஜூலை, புதன்

சாப்பிடும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னாள். கூட வேலை செய்யும் இருதயமேரி ஆன்ட்டியின் மகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். ஆன்ட்டி இன்று போனை நீட்டி, “பாக்கியம், இது உன் குரல்தானே?” என்று கேட்டார்களாம்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“என்ன சொன்ன?” என்றார் அப்பா.

“அதுலயே எழுதியிருக்குல்ல, பாடலன்னு. அப்புறம் என்னக்கா கேள்வின்னேன்.”

அப்பா சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சிரித்து. பிறகு, “யார் போட்டதாம்?” என்றார்.

“தெரியல.” அம்மா எனக்கு ரசம் ஊற்றினாள். கேட்காமலே இரண்டாவது கரண்டியும் ஊற்றினாள்.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்றேன். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “நம்ம குக்கர் ரெண்டாவது விசில்ல திக்கும். உலகத்துல வேற எந்தக் குக்கரும் அப்படித் திக்காது.”

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

2 ஆகஸ்ட், சனி

அண்ணன் வந்ததும் முதல் வேலையாக அம்மாவின் குரலை எடுத்துவிட்டேன். பாலத்தில் பஸ் இப்போது சத்தமில்லாமல் போகிறது. அம்மாவிடம் போய், “எடுத்துட்டேன்மா” என்றேன்.

“எத?”

“பாட்ட.”

“நான்தான் பாடலயே” என்றாள். பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. அது கோபமா, விளையாட்டா? முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. தெரியாததுதான் பயம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பூசை முடிந்ததும் அம்மா, “வா, தண்ணி பாத்துட்டு வருவோம்” என்றாள். நாங்கள் இருவர் மட்டும், ஒன்றாம் நம்பர்.

பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அம்மா மண்டபப் படித்துறைப் பக்கம் தலை தலையாகக் கூட்டம், மஞ்சள் கயிறு, பூ, காதோலை. தண்ணீர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல் போனது. கண்டக்டர் கூடக் குனிந்து பார்த்தார்.

“இங்கதான் வச்சிருந்தியா?” என்றாள் அம்மா.

போனில் அந்தப் பதிவு இன்னும் இருந்தது. அதையும் அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதை ஒத்துக்கொள்வதுபோல இயர்போனின் ஒரு முனையைக் கொடுத்தேன். நான்கு நிமிடமும் கேட்டாள். கண் தண்ணீர் மேலேயே இருந்தது.

“ரெண்டாவது வரியில மூச்சு வாங்குறேன்.”

“இல்லம்மா, நல்லா…”

“வாங்குறேன்டி. எனக்குத் தெரியாதா?” பிறகு வெளியே கையைக் காட்டி, “ஆனா இங்க தண்ணி அகலமா இருக்குல்ல. அதுக்கு மூச்சு வாங்கத்தான் வேணும்” என்றாள்.

“உன்கிட்ட கேட்டுருக்கணும்மா.”

“ஆமா. கேட்டுருக்கணும்.”

அதற்குள் பஸ் பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை வந்துவிட்டது.

9 ஆகஸ்ட், சனி

பகலிலேயே எழுதுகிறேன். முதல் தடவை.

ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா கை துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வை அப்படி.

“ஏன் புள்ளி போச்சு?”

“வரிக்கு மேல இடம் விடலம்மா. அடைச்சு வச்சிட்டேன்.”

“இடம் விட்டா வந்துருமா?”

“வரும்.”

“விடு, அப்ப.”

“பாட்டு?” என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“அதத்தான் சொல்றேன்” என்று உள்ளே போனாள்.

வரியின் உயரத்தைக் கூட்டினேன். எல்லாப் புள்ளிகளும் வந்து உட்கார்ந்தன. பாலத்துக்குக் குரலைத் திருப்பி வைத்தேன்.

உள்ளே அரிசி வடிதட்டில் விழுகிற சத்தம். இன்று அம்மா குக்கர் வைக்கவில்லை, பானையில் உலை வைத்திருந்தாள். வீட்டில் வேறு சத்தமே இல்லை. அப்பா பேப்பரைத் திருப்பாமல் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளிருந்து கேட்ட குரலை நான் பதிவு செய்யவில்லை.