கேப்டன் விட்டுப்போன கையெழுத்து

டிக்கொண்டரோகா கோட்டை
1776 ஆகஸ்ட் 19

என் அன்புக் கேத்தூராவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். மூன்று வாரமாகக் கடிதம் போடாத உன்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பாகவும் இருக்கிறேன். ஆங்கிலேயப் படையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நம் ஹேல்போரோ ஊர்ப்படையின் முப்பத்தொரு பேரில் ஒன்பது பேருக்கு வயிற்றுக்கடுப்பு. உப்புக்கண்டப் பன்றிக்கறியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

ரூபன் டன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். பட்டியலில் ஓர் ஆள் குறைந்தபோது பயிற்சித் திடலில் எல்லோர் முன்னாலும், "நீ கிளம்புடா. உன் பொண்டாட்டி டார்க்கஸும் குழந்தை மெர்சியும் இனி ஹேல்போரோ ஆளுங்க, நான் பொறுப்பு" என்று நான் சொன்னதை நம்பி வந்தவன். அவனுக்கு எழுதத் தெரியாது. அவன் சொல்வதை அப்படியே போடுகிறேன், அவளுக்குப் படித்துக் காட்டு: "டார்க்கஸு, மழைக்கு முந்தி ஆப்பிளப் பறிச்சிடு. மெர்சி இருமினா நெஞ்சுல வாத்துக் கொழுப்பு தேச்சு விடு. கேப்டன் இருக்காரு, பயப்படாத."

என்னால் ஊர் வேலை நிற்கக்கூடாது என்று நம் சர்ச் டீக்கன் பீலக்கிடம் சொல். ஊர் நிர்வாகிகள் நாங்கள் மூவரும் கையெழுத்துப் போடாமல் ஓர் உத்தரவும் செல்லாது என்பதால், வழக்கம்போல் ஐந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆள் இங்கே, கை அங்கே!

உன்
ஜோதாம் வீலாக்


ஹேல்போரோ
1776 செப்டம்பர் 14

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. டார்க்கஸுக்குப் படித்துக் காட்டினேன். வாத்துக் கொழுப்பு என்ற இடத்தில் சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள்.

அதற்கு மறுநாள் கான்ஸ்டபிள் ஹோபார்ட் அவள் வாசலில் நின்று ஒரு தாளைப் படித்தான். பதினான்கு நாளில் குழந்தையோடு ஊரைவிட்டு வெளியேற வேண்டுமாம். "எனக்கென்னம்மா தெரியும், எழுதியிருக்கறதப் படிக்கறேன்" என்றான். நான் டீக்கனிடம் ஓடினேன். "இன்னும் ஒரு மாசம் போனா வருஷம் முடிஞ்சிடும், அப்புறம் அவங்க நம்ம ஊர்க்காரங்க. புருஷன் திரும்பி வரலேன்னா யாரும்மா சோறு போடறது?" என்றார்.

தாளில் மூன்று கையெழுத்துகள். நடுவில் உங்களுடையது. வீலாக் என்று முடிக்கும்போது நீங்கள் இழுக்கும் அந்த வால் எனக்குத் தெரியாதா?

"கேப்டனா போட்டாரு?" என்று டார்க்கஸ் என்னைக் கேட்டாள். வெறும் தாளில் போட்டது என்று உடனே எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி போதும்.

உங்கள்
கேத்தூரா


டிக்கொண்டரோகா
1776 அக்டோபர் 6

அன்புக் கேத்தூரா,

டீக்கன் இப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பெரிய மனது பண்ணிக் குளிர்காலம் வரைக்குமாவது பொறுத்துக்கொள்ளும்படி அவரைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

நீ கேட்ட வரியை எழுதவில்லை. கோபப்படாதே. ஆறு வருடமாக நான் போட்ட கையெழுத்தில் பாதி அப்படிப் போட்டதுதான். ஒன்று வெற்றுத் தாள் என்று நானே சொன்னால், சாலை, வேலி, எல்லைக்கல் எல்லாவற்றையும் கிளறிவிடுவார்கள். மார்ச் ஊர்க்கூட்டத்தில் நிர்வாகி தேர்தலுக்கு என் பெயரை யார் சொல்வார்கள்? நீ அவளைச் சத்தமில்லாமல் நம் வீட்டுப் பின்னறையில் வைத்துக்கொள்.

ரூபன் காய்ச்சலில் கிடக்கிறான். உன் கடிதம் வந்ததைப் பார்த்துவிட்டான். "எங்க வீட்டு சேதி இருக்கா கேப்டன்?" என்றான். படித்துக் காட்டினேன். டார்க்கஸ் ஆப்பிள் பறித்துவிட்டாள், ஏழு கூடை, மெர்சிக்கு இருமல் நின்றுவிட்டது என்று. உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே அதில் இல்லாததைப் படித்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜோதாம்


ஹேல்போரோ
1776 நவம்பர் 12

கணவருக்கு,

டீக்கனுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் ஊர்க் கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "பொறுத்துக்கங்கன்னுதானே கேட்டிருக்கார்? தன் கையெழுத்து இல்லேன்னு சொல்லலியே!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னறையில்தான் வைத்திருந்தேன். ஹோபார்ட் அங்கேயே வந்தான். உங்கள் உத்தரவை உங்கள் வீட்டிலேயே நிறைவேற்றினான். முதல் பனி விழுந்த நாள். திறந்த வண்டி. இந்த ஊர் கான்ஸ்டபிள் அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிட, அந்த ஊர்க்காரன் அதற்கடுத்த ஊருக்கு. இப்படி நான்கு ஊர் தாண்டி அவள் பிறந்த வெஸ்ட்கோட்டுக்கு. என் கம்பளியைக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாவது ஊரில் மெர்சி இறந்துவிட்டாள். அங்கேயே புதைத்துவிட்டார்களாம், டார்க்கஸ் சொல்லி அனுப்பியிருக்கிறாள். யார் ஊர் மண் என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போதாவது எழுதுங்கள். உத்தரவு செல்லாது என்றால் அந்தத் தாயாவது தன் வீட்டுக்குத் திரும்புவாள். அவள் புருஷன் வரும்போது வீட்டில் ஒரு விளக்காவது எரியட்டும்.

கேத்தூரா


டிக்கொண்டரோகா
1776 டிசம்பர் 2

கேத்தூரா,

ரூபன் நவம்பர் 27 அன்று போய்விட்டான். உன் கடிதம் அதற்கு முந்தின நாள் வந்தது. பிரித்துப் படித்து முடித்த கையோடு அவனிடம் போனேன். "மெர்சி நடக்கறாளா?" என்றான். ஓடுகிறாள் என்றேன். என் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். அந்தக் கையை நான் எடுக்கவில்லை, அவன்தான் விட்டான்.

பாவி நான். ஆனால் கடிதத்தில் வேண்டாம். ஜனவரியில் வந்துவிடுவேன். மார்ச் ஊர்க்கூட்டத்தில், எல்லோர் முகத்துக்கும் நேரே, நானே எழுந்து அந்த வரியைச் சொல்கிறேன். சத்தியம்.

ஜோதாம்


ஹேல்போரோ
1777 மார்ச் 9

என் கேத்தூரா,

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. நீ வெஸ்ட்கோட்டுக்குப் போய்விட்டதாக உன் தம்பி சொல்லித்தான் தெரிகிறது. இது நியாயமா?

நீ ஜன்னலுக்கு வெளியே நின்றாயாமே. அப்படியானால் பார்த்திருப்பாய். எழுந்தேன், சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் டீக்கன், "நம்ம வீரர் வந்துட்டார்!" என்று கத்த, தொப்பிகள் பறந்தன. கூட்டத் தலைவராக என்னையே தேர்ந்தெடுத்தார்கள். மேஜர் பதவிக்கும் என் பெயர் போகிறது. அந்த நேரத்தில் எப்படியடி சொல்வேன்? ரூபனைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை பேசினேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உன்னை எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊருக்கு நான் என்ன பதில் சொல்வது? அதையாவது எழுது.

உன்
ஜோதாம்


வெஸ்ட்கோட்
1777 மார்ச் 21

மேஜர் ஜோதாம் வீலாக் அவர்களுக்கு,

ஜன்னலுக்கு வெளியே நின்றது நான்தான். நீங்கள் எழுந்தபோது என் கணவர் எழுகிறார் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உட்கார்ந்தது யாரென்று எனக்குத் தெரியவில்லை.

டார்க்கஸும் நானும் ஒரே அறையில் இருக்கிறோம். அவள் நூற்கிறாள், நான் துணி தைக்கிறேன். நீங்கள் ரூபனுக்குப் படித்த கடிதத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட்டேன். அறுந்த நூலை முடிந்தாள். பிறகு, "ஏழு கூடையாக்கா? அந்த மரம் அவ்வளவு காய்க்காதே" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கம்பளியைத் திருப்பிக் கொடுத்தாள். மெர்சியை அதில் சுற்றவில்லையாம். கேப்டன் வீட்டுக் கம்பளி என்று சுற்ற மனம் வரவில்லையாம்.

ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதில் எதுவும் எழுதவில்லை, அடியில் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். ஊர் கேட்க விரும்புவதை மேலே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கேத்தூரா


(இணைத்த தாள்)

 

 

 

கேத்தூரா வீலாக்